நெடுஞ்சாலை வீரரும் மலைப்பாதை வீரரும்

சைக்கிள் பந்தயத்துக்கு இன்று வயது நூற்றைம்பதுக்கு மேல் ஆகிவிட்டது. இந்நெடுங்காலத்தில் அது பல கிளைகளாகப் பிரிந்து வளர்ந்திருக்கிறது. அவற்றுள் இரண்டு தலையாயவை. ஒன்று, தார் பூசிய சாலைகளில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் நெடுஞ்சாலைப் பந்தயம். மற்றொன்று, பாறையும் வேரும் சேறும் நிறைந்த ஒற்றையடிப் பாதைகளில் ஏறி இறங்கும் மலைப்பாதைப் பந்தயம். இவ்விரு துறை வீரர்களுள் உடல் வலிமையில் மேம்பட்டவர் யார், திறமையில் மேம்பட்டவர் யார் என்னும் வழக்கு, சைக்கிள் ஆர்வலர் கூடும் இடங்களிலெல்லாம் எழுவதுண்டு.

இது வெறும் பொழுதுபோக்கு வாதமன்று. பன்னிரண்டு வயதுச் சிறுவனோ சிறுமியோ இத்துறையில் இறங்க விரும்பினால், எதை முதலில் பழக்குவது என்னும் கேள்வி பெற்றோருக்கும் பயிற்சியாளருக்கும் எழுகிறது. காலின் வலுவையா, கையின் நுட்பத்தையா? தவறான விடையால் ஆண்டுகள் வீணாகலாம். இறக்கமான பாதையில் உயிருக்கே ஊறு நேரலாம். ஆதலின் வரலாற்றின் துணைகொண்டு இவ்வழக்கை ஆராய்வது பயனுடையதாகும்.

ஜெர்மானிய நாட்டு மான்ஹைம் நகரில் 1817-ஆம் ஆண்டில் கார்ல் வான் டிரைஸ் என்பார் இரு சக்கரங்களை முன்னும் பின்னுமாக அமைத்து, காலால் தரையை உந்திச் செல்லும் ஒரு வண்டியை ஓட்டிக் காட்டினார். 1860-களில் பாரிஸ் நகரத்தார் அதன் முன்சக்கரத்தில் பெடலைப் பொருத்தினர். 1869-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பாரிஸிலிருந்து ரூவான் நகர்வரை, ஏறத்தாழ 123 கிலோமீட்டர் தொலைவுக்கு ஒரு பந்தயம் நடந்தது. அதில் வென்ற ஜேம்ஸ் மூர் என்னும் ஆங்கிலேயர் அத்தொலைவைக் கடக்கப் பத்து மணி நேரத்துக்கு மேலாயிற்று. வண்டியின் குறையும் சாலையின் குறையும் சேர்ந்து அவரைத் தாமதப்படுத்தின.

1885-இல் இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி, ஒத்த அளவுடைய இரு சக்கரங்களும் பின்சக்கரத்தைச் சுழற்றும் செயினும் கொண்ட ரோவர் சைக்கிளை வெளியிட்டார். 1888-இல் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமம் பெற்றார். நாம் இன்று ஓட்டும் சைக்கிளின் அடிப்படை அமைப்பு அத்துடன் முடிவாயிற்று. ஆனால் சாலை மாறவில்லை. சக்கரம் புதுமை பெற்ற பின்னும் அது ஓட வேண்டிய தரை, மாட்டு வண்டிகளும் குதிரை வண்டிகளும் உழுதுவிட்ட பழைய மண்ணாகவே இருந்தது.

இந்நிலையில்தான் 1903-ஆம் ஆண்டு ஜூலை மாதம் டூர் டி பிரான்ஸ் என்னும் புகழ்மிக்க பந்தயம் பிறந்தது. லோட்டோ என்னும் விளையாட்டுப் பத்திரிகை தன் விற்பனையைப் பெருக்கிக்கொள்ள இதனை ஏற்பாடு செய்தது. அதன் ஆசிரியர் ஆன்றி டெக்ராஞ்ஜ் பந்தயத்தின் தலைவராக இருந்தார். பிரான்ஸ் நாட்டைச் சுற்றி ஆறு கட்டங்களில் 2,428 கிலோமீட்டர் ஓட வேண்டும். பாரிஸிலிருந்து லியோன் வரையிலான முதற்கட்டம் மட்டும் 467 கிலோமீட்டர். அறுபதுபேர் புறப்பட்டனர், இருபத்தொருவரே ஓடி முடித்தனர். வென்றவர் மாரிஸ் காரன். இளமையில் புகைபோக்கி துடைக்கும் தொழில் செய்தவர்.

டெக்ராஞ்ஜ் வீரர்களிடம் எதிர்பார்த்தது காலின் வலுவை மட்டுமன்று. வண்டி பழுதானால் பிறர் உதவியின்றித் தாமே அதனைச் செப்பனிட்டுக்கொள்ள வேண்டும் என்பது அக்கால விதிகளுள் ஒன்று. ஆதலின் வீரர்கள் தோளில் மாற்று டயரைச் சுற்றிக்கொண்டும், பையில் கருவிகளை வைத்துக்கொண்டும் ஓடினர்.

1910-ஆம் ஆண்டில் பந்தயம் பிரனீஸ் மலைத்தொடரின் உயர்ந்த கணவாய்களில் ஏறியது. அவற்றுள் 2,115 மீட்டர் உயரமுள்ள தூர்மலே கணவாயை முன்னதாகச் சென்று பார்த்துவர அனுப்பப்பட்ட ஸ்டைனஸ் என்பவர், இரவில் பனியில் சிக்கி வழிதவறி அலைந்தார். ஆயினும், பாதை நன்றாகவே இருக்கிறது என்று தலைமை நிலையத்துக்குத் தந்தி கொடுத்தார்! அங்கே சாலை என்று சொல்லத்தக்க ஒன்று இருக்கவில்லை. கல்லும் மண்ணும் பரவிய தடமே இருந்தது. அவ்வாண்டு பட்டம் வென்ற ஒக்தாவ் லபீஸ் கூட, ஏற்றத்தின் சில பகுதிகளில் வண்டியைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தார். அன்று மலையின்மீது அவர் பந்தய அதிகாரிகளைப் பார்த்துக் கொலைகாரர்கள் என்று கடிந்துரைத்த செய்தி, சைக்கிள் வரலாற்றில் நிலைத்துவிட்டது.

மூன்றாண்டுகளுக்குப்பின் அதே தூர்மலேயில் நிகழ்ந்ததொன்று நம் ஆராய்ச்சிக்கு இன்னும் பொருத்தமானது. 1913-ஆம் ஆண்டுப் பந்தயத்தில் முன்னணியில் இருந்த எயூஜீன் கிறிஸ்டோப் கணவாயைத் தாண்டி இறங்கும்போது, முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க் முறிந்துபோயிற்று. அவர் வண்டியைத் தோளில் சுமந்து, சக்கரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நடந்து சேந்த்-மாரி-தெ-காம்பான் என்னும் சிற்றூரை அடைந்தார். அங்கிருந்த கொல்லன் பட்டறையில் பந்தய அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருக்க, இரும்பைக் காய்ச்சி அடித்துத் தம் கையாலேயே போர்க்கைச் சீர்செய்தார். கொல்லன் உதவி செய்யக்கூடாது என்பது விதி. கிறிஸ்டோபின் இரு கைகளும் வேலையில் இருந்தமையால், ஒரு சிறுவன் துருத்தியை ஊதினான். அந்த உதவிக்காக அவருக்குத் தண்டனை நேரம் விதிக்கப்பட்டது! மணிக்கணக்கில் காலத்தை இழந்தும் அவர் பந்தயத்தை விட்டு விலகாமல் பாரிஸ் வரை ஓடி முடித்தார்.

இவ்வரலாறுகள் ஓர் உண்மையைத் தெளிவாக்குகின்றன. லபீஸும் கிறிஸ்டோபும் தம்மைச் சாலை வீரர் என்றே கருதினர். ஆனால் அவர்கள் ஓடிய தரையும், சுமந்த கருவிகளும், தாமே தம்மைக் காத்துக்கொண்ட முறையும் இக்கால மலைப்பாதை வீரருக்கே உரியவை. சாலை வீரரும் மலைப்பாதை வீரரும் தொடக்கத்தில் ஒருவரே.

அந்த ஒருவரை இருவராக்கியது தார். இருபதாம் நூற்றாண்டில் மோட்டார் வண்டிகள் பெருகப் பெருக ஐரோப்பியச் சாலைகள் கெட்டியாக்கப்பெற்றன. இரண்டாம் உலகப்போருக்குப்பின் உயர்ந்த கணவாய்ச் சாலைகளும் படிப்படியாகத் தார் பூசப்பெற்றன. டூர் டி பிரான்ஸில் ஓடும்போதே கியர் மாற்றும் பொறியை 1937-ஆம் ஆண்டில் அனுமதித்தனர். அணிகளின் கார்கள் மாற்றுச் சக்கரங்களையும் மாற்று வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு பின்தொடரலாயின. சாலை வழவழப்பாயிற்று, டயர் மெலிந்தது, வேகம் கூடியது. தரையுடன் போராடிய வீரருக்கு இப்போது புதிய பகை ஒன்று முளைத்தது. அது காற்று.

சமதரையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஒருவர் செலவிடும் ஆற்றலில் மிகப் பெரும்பகுதி காற்றை விலக்குவதற்கே போகிறது. அவருக்கு நெருக்கமாகப் பின்னால் செல்பவருக்கோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகும். நூற்றைம்பதுபேர் கூடிச் செல்லும் திரளின் நடுவே இருப்பவருக்கு மிச்சம் இன்னும் அதிகம். ஆதலால் சாலைப் பந்தயம் சிக்கனக்கலையாக மாறிற்று. நான்கைந்து மணி நேரம் பிறர் நிழலில் ஒதுங்கி வலிமையைச் சேமித்து, ஓர் ஏற்றத்திலோ இறுதி ஓட்டத்திலோ சில நிமிடங்களில் அதனைக் கொட்டிவிட வேண்டும். தலைவர் ஒருவருக்காக அணியின் ஏனையோர் நாள்முழுதும் காற்றை மார்பில் தாங்கிச் செல்வர். இத்தியாகத்துக்குப் பட்டியலில் இடமில்லை. எனினும் அதுவின்றி வெற்றியுமில்லை.

இப்பந்தயம் உருவாக்கும் உடல் எத்தகையது? இன்றைய டூர் டி பிரான்ஸ் இருபத்தொரு கட்டங்களில் ஏறத்தாழ 3,400 கிலோமீட்டர் ஓடுகிறது. கடினமான மலைக் கட்டத்தன்று வீரர் ஒருவர் ஆறாயிரம் கலோரிக்கு மேலும் உணவு கொள்ள நேரும்; ஓடிக்கொண்டே உண்ணவும், உண்டதைச் செரிக்கவும் பழகியிருக்க வேண்டும். இன்று களைத்த உடல் நாளைக் காலைக்குள் மீண்டாக வேண்டும். நிமிடத்துக்குத் தொண்ணூறு சுற்று அளவில், தாளம் தவறாமல் பெடலை மணிக்கணக்கில் சுழற்றும் பொறுமை அவர் தசைகளுக்கு உண்டு. இதயமும் நுரையீரலும் மிகப் பெரும் ஆற்றல் உடையவை. ஆனால் தோளும் கையும் வேண்டாச் சுமையாகக் கருதப்பட்டு மெலிந்திருக்கும்.

சாலை வீரருக்கு வலிமை மட்டுமே உண்டு, திறமை இல்லை என்று சிலர் கூறுவர். இது பொருந்தாது. முன்செல்லும் சக்கரத்துக்கும் தம் சக்கரத்துக்கும் ஒரு சாண் இடைவெளி வைத்து, இருபுறமும் தோள்கள் உரச, மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்வது எளிய செயலன்று. மலையிறக்கத்தில் அவ்வேகம் 80 கிலோமீட்டரையும் தாண்டும். விரலளவு அகலமுள்ள டயரே தரையைத் தொடுகிறது. 1992-ஆம் ஆண்டு ஒலிம்பிக் சாலைப் பந்தயத்தில் தங்கம் வென்ற பாபியோ காசார்தெல்லி, 1995-இல் டூர் டி பிரான்ஸின் ஓர் இறக்கத்தில் விழுந்து உயிர் நீத்தார். 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் சுவிட்சர்லாந்து நாட்டுச் சுற்றுப் பந்தயத்தில், அல்புலா கணவாயின் இறக்கத்தில் ஜீனோ மேடர் என்னும் இளம் வீரர் மாண்டார். தலைக்கவசம் தொழில்முறைப் பந்தயங்களில் கட்டாயமானது 2003-ஆம் ஆண்டில்தான். சாலையின் வழவழப்பு ஆபத்தை நீக்கவில்லை. அதன் உருவை மாற்றியிருக்கிறது.

சாலை மென்மையானபோதும் பழைய கரடுமுரடான கலையை ஐரோப்பியர் முற்றிலும் கைவிட்டாரில்லை. பாரிஸ்–ரூபே பந்தயத்தில் கற்கள் பாவிய பழைய வழிகளை இன்றும் வேண்டுமென்றே பாதுகாத்து வருகின்றனர். குளிர்காலத்தில் வயல்களிலும் சேற்றிலும் ஓடி, தடைகள் வந்தால் வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு தாண்டும் சைக்ளோகிராஸ் என்னும் பந்தயமும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் நடந்து வந்தது. 1947-ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸை வென்ற ழான் ரோபிக் என்பவரே, 1950-இல் நடந்த முதலாவது உலக சைக்ளோகிராஸ் போட்டியிலும் வாகை சூடினார். பிரிந்த இரு துறைகளையும் இணைத்து வைத்த பாலம் இது.

மலைப்பாதைப் பந்தயம் என்று இன்று நாம் வழங்குவது பிறந்த இடமோ அமெரிக்க நாடு. சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மாரின் என்னும் மாவட்டத்தில் தமல்பைஸ் என்றொரு மலை உண்டு. 1970-களில் அவ்வட்டாரத்து இளைஞர் சிலர், இரண்டாம் உலகப்போருக்கு முற்பட்ட பருத்த டயர் கொண்ட பழைய சைக்கிள்களைத் தேடி வாங்கி, மலைகளின் மண்பாதைகளில் ஓட்டி மகிழ்ந்தனர். கேரி பிஷர், ஜோ பிரீஸ், சார்லி கெல்லி ஆகியோர் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். பிஷரும் பிரீஸும் அதற்கு முன்பே சாலைப் பந்தயங்களில் ஓடிப் பழகியவர்கள். மலைப்பாதைக் கலையைச் சாலைக்கு எதிராக யாரோ தோற்றுவித்தனர் என எண்ணுவோர் இதனை நினைவில் கொள்ளவேண்டும்.

1976-ஆம் ஆண்டு அக்டோபரில் அவர்கள் பேர்பாக்ஸ் என்னும் சிற்றூருக்கு அருகே ஓர் இறக்கப் பந்தயம் நடத்தினர். ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவில் 400 மீட்டர் உயரம் இறங்கும் பாதை அது. அச்சைக்கிள்களில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக் பின்சக்கரக் குடத்தினுள் இருந்தது. ஒருமுறை இறங்கி வருவதற்குள் அக்குடம் கொதித்து, உள்ளிருந்த கிரீஸ் புகையாகிப் போய்விடும். மீண்டும் புதிதாகக் கிரீஸ் அடைத்தாலன்றி வண்டி உதவாது. ஆதலால் மீண்டும் அடைத்தல் என்னும் பொருள்பட அப்பந்தயத்துக்கு ரீபேக் என்றே பெயர் வைத்தனர்.

பழைய வண்டிகளின் சட்டங்கள் முறிந்துபோகவே, 1977-இல் ஜோ பிரீஸ் இதற்கென்றே புதிய சட்டத்தை வடித்தார். 1979-இல் பிஷரும் கெல்லியும், டாம் ரிச்சி என்பார் செய்த சட்டங்களைக் கொண்டு மலைச் சைக்கிள் விற்கத் தொடங்கினர். 1981-இல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனம் தொழிற்சாலையில் பெருமளவில் தயாரித்த ஸ்டம்ப்ஜம்பர் கடைகளுக்கு வந்தது. 1990-இல் கொலராடோ மாநிலத்து டுராங்கோ நகரில், சர்வதேசச் சைக்கிள் சங்கத்தின் முதலாவது உலக மலைப்பாதைப் போட்டி நடைபெற்றது. கிராஸ் கண்ட்ரி பிரிவில் ஆடவருள் நெட் ஓவரெண்டும் மகளிருள் ஜூலி பர்ட்டாடோவும் வென்றனர். பர்ட்டாடோ அதற்கு முந்திய ஆண்டில் அமெரிக்க நாட்டுச் சாலைப் பட்டத்தை வென்றவர். 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இப்பந்தயம் இடம்பெற்றது. சாலைப் பந்தயம் 1896-ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலேயே இருந்தது. தம்பி நூறாண்டு பிந்தி வந்தான் எனலாம்.

இனி மலைப்பாதை வீரரின் உடலை நோக்குவோம். ஒலிம்பிக் கிராஸ் கண்ட்ரிப் பந்தயம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நேரம் குறைவு என்று எளிதாக எண்ணிவிடலாகாது. புறப்பட்ட நொடி முதல் ஒற்றையடிப் பாதையில் முந்தி நுழையவேண்டிய போட்டி எழுகிறது. பிந்தினவர் முன்செல்பவரைத் தாண்ட இடமின்றித் தவிப்பார். வீரரின் இதயத்துடிப்பு பந்தயம் முழுவதும் தன் உச்சத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு அளவிலேயே நிற்பதை ஆய்வாளர் அளந்து கண்டிருக்கின்றனர். வேகம் குறைவாதலால் பிறர் பின்னே ஒதுங்கிச் சேமிப்பதற்கு இடம் சிறிது. செங்குத்தான ஏற்றத்தில் பத்து நொடி முழு வலிமை, அடுத்த வளைவில் பெடலே மிதியாத சில நொடிகள், உடனே மீண்டும் முழு வலிமை என்று அவ்வுழைப்பு ஏறி இறங்கும். அந்தச் சில நொடிகளிலும் உடலுக்கு ஓய்வில்லை. கைகளும் தோள்களும் இடுப்பும் அதிர்ச்சியைத் தாங்கி வண்டியை அடக்கிக்கொண்டிருக்கும்.

மலைப்பாதை வீரரின் திறமைக்கு அடிப்படை பார்வை. தேர்ந்தவரின் கண் முன்சக்கரத்தில் நிலைப்பதில்லை. பல அடி முன்னே சென்று, எந்தக் கல்லின் இடப்புறம் போவது, எந்த வேரைக் குறுக்கே கடப்பது என்று முன்னதாகவே முடிவு செய்துவிடுகிறது. அவர் இருக்கையிலிருந்து எழுந்து, இரு பெடல்களையும் சமமட்டத்தில் நிறுத்தி, முழங்காலையும் முழங்கையையும் தளரவைத்து, உடலையே வில்லாக்கிக் கொள்கிறார். பிரேக்கை ஒரே விரலால் மெல்ல மெல்ல அழுத்துகிறார். சடக்கென்று பிடித்தால் சக்கரம் வழுக்கும். டயரின் காற்றுங்கூட வேறு. சாலை டயரில் சதுர அங்குலத்துக்கு எழுபது பவுண்டுக்கு மேலும் அழுத்தம் வைப்பதுண்டு. மலைப்பாதை டயரிலோ இருபது, இருபத்தைந்து பவுண்டே போதும். டயர் கல்லைத் தழுவிச் செல்லவேண்டுமன்றோ?

இருவரையும் ஆய்வுக்கூடத்தில் அருகருகே நிறுத்திச் சோதித்தால் என்ன தெரிகிறது? உயர்நிலை வீரர்களிடையே, உடல் எடைக்கு ஏற்பப் பிராணவாயுவைப் பயன்படுத்தும் உச்ச ஆற்றலில் பெரிய வேற்றுமை இல்லை. சாலைத் துறையில் சமதரையில் விரைவதற்கும், காலத்தோடு போட்டியிட்டுத் தனியே ஓடுவதற்கும் பேருடல் படைத்த வலியோருக்கும் இடம் உண்டு. மலைப்பாதை வீரரோ ஏற்றத்துக்கு அஞ்சி எடை குறைந்தவராகவே இருப்பர். எலும்பில் ஒரு வேற்றுமை கருதத்தக்கது. ஆண்டுக்கணக்கில் இருக்கையில் அமர்ந்தே உழைக்கும் சாலை வீரருக்கு முதுகெலும்பின் திண்மை குறைவதுண்டு. அதிர்ச்சிகளைத் தாங்கிப் பழகிய மலைப்பாதை வீரருக்கு எலும்பு அவரினும் வலுவாக இருக்கக் காண்கின்றனர். எனவே இதயம், நுரையீரல் என்னும் மூலதனம் இருவருக்கும் பொது; அதனைச் செலவிடும் முறையில்தான் வேறுபாடு.

ஒரு துறையிலிருந்து மறுதுறைக்கு மாறியவர்களின் வாழ்க்கை இதனினும் சிறந்த சான்று தருகிறது. ஆஸ்திரேலியாவின் காடல் எவன்ஸ் 1998, 1999 ஆகிய ஈராண்டுகளிலும் உலகக் கோப்பை மலைப்பாதைப் பந்தயத் தொடரை வென்றவர். 2001-ஆம் ஆண்டளவில் அவர் முழுமையாகச் சாலைக்கு மாறினார். 2009-இல் உலகச் சாலைப் பட்டத்தையும், 2011-இல் தம் முப்பத்து நான்காம் வயதில் டூர் டி பிரான்ஸையும் வென்றார். அவருடைய உடல் வலிமை முன்னரே இருந்தது. வண்டியை ஆளும் திறமையும் இருந்தது. ஆயினும் அப்பெரு வெற்றிக்குப் பத்தாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. மூன்று வாரம் ஒரே சீராக ஓடும் பொறுமை, திரளில் இடமறிந்து நிற்கும் சூழ்ச்சி, அணியை நடத்தும் அறிவு ஆகியவை சாலையிலன்றி வேறெங்கும் கிடைப்பவையல்ல.

ஸ்லோவாக்கிய நாட்டுப் பீட்டர் சாகன் 2008-இல் இளையோருக்கான உலக மலைப்பாதைப் பட்டத்தை வென்றவர். பின்னர் 2015, 2016, 2017 என மூன்றாண்டும் தொடர்ந்து உலகச் சாலைப் பட்டத்தைக் கைக்கொண்டார். 2016-ஆம் ஆண்டுப் பாரிஸ்–ரூபேயில், தமக்கு முன்னே சேற்றில் வழுக்கி விழுந்த வீரரை மோதாமல், நொடிப்பொழுதில் வண்டியைத் தாவச் செய்து அவர் தப்பினார். அத்திறமை சிறுவயதில் மலைப்பாதையில் பழகியது. அதே ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் அவர் சாலைப் பந்தயத்தை விடுத்து மலைப்பாதைப் பந்தயத்தில் இறங்கினார். வரிசையின் கடைசியில் நின்று புறப்பட்டும், சிறிது நேரத்திலேயே முன்னணியை எட்டிவிட்டார். ஆனால் டயர் பங்க்சராகிப் பின்தங்கி முப்பத்தைந்தாம் இடத்தையே பெற்றார். மலைப்பாதையில் வலிமையும் திறமையும் மட்டும் போதா. தடத்துடன் அண்மைக்காலப் பழக்கமும் வேண்டும்.

டோக்கியோ ஒலிம்பிக்கின் மலைப்பாதைப் பந்தயம் 2021-ஆம் ஆண்டு ஜூலையில் நடந்தது. அதில் இங்கிலாந்தின் டாம் பிட்காக் தங்கம் வென்றார். நெதர்லாந்தின் மாத்யூ வான் டெர் பூல் அன்று பேராற்றல் உடையவராகவே வந்திருந்தார். ஆனால் ஒரு பாறையிலிருந்து இறங்கும் இடத்தில், பயிற்சியின்போது இருந்த சாய்வுப் பலகை அப்போதும் இருக்கும் என்று எண்ணி இறங்கி, தலைகுப்புற விழுந்தார். ஒரு பலகையைப் பற்றிய தவறான கணிப்பு நான்காண்டு உழைப்பைக் கெடுத்துவிட்டது. அவரே 2023-இல் உலகச் சாலைப் பட்டத்தை வென்றார். பிட்காக் 2022-இல் டூர் டி பிரான்ஸில் ஆல்ப் துவேஸ் மலைக் கட்டத்தை வென்றார். அவ்வெற்றிக்கு வழிகோலியவற்றுள் கலிபியே கணவாயின் இறக்கத்தில் அவர் காட்டிய துணிவும் ஒன்று. 2024-ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக்கில், டயர் பங்க்சராகிப் பின்தங்கியும் மீண்டு வந்து மலைப்பாதைத் தங்கத்தை அவர் மறுபடியும் பெற்றார்.

இவர்கள் அனைவரினும் வியக்கத்தக்க சான்று பிரெஞ்சு நாட்டு வீராங்கனை பொலின் பெரான்-பிரெவோ. 2014-இல் உலகச் சாலைப் பட்டத்தையும், 2015-இல் உலக சைக்ளோகிராஸ் பட்டத்தையும், அதே ஆண்டில் உலக மலைப்பாதைப் பட்டத்தையும் வென்று, மூன்றையும் ஒரே காலத்தில் தம்மிடம் வைத்திருந்தார். அதற்குமுன் எவரும் செய்யாத சாதனை அது. 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மலைப்பாதைத் தங்கம் வென்றார். அடுத்த ஆண்டே சாலைக்குத் திரும்பி, பாரிஸ்–ரூபே மகளிர் பந்தயத்தையும் மகளிருக்கான டூர் டி பிரான்ஸையும் வென்றார். நூறாண்டுக்கு முன் தார் பிரித்து வைத்த இருவர், இவ்வம்மையாரிடம் மீண்டும் ஒருவராயினர்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்த்தால் முடிவு புலனாகிறது. வலிமையில் இருவரும் ஒத்தவர். சாலை வீரரின் வலிமை ஆறு போல் நீண்டு ஓடுவது, மலைப்பாதை வீரரின் வலிமை அருவி போல் விட்டுவிட்டுப் பாய்வது. திறமையில் சாலை வீரர் பிற மனிதரைப் படிக்கிறார். மலைப்பாதை வீரர் மண்ணைப் படிக்கிறார். ஆனால் இரண்டையும் பெறும் பருவம் ஒன்றன்று. நுரையீரலையும் தசையையும் இருபது வயதுக்கு மேலும் வளர்க்கலாம். சக்கரம் வழுக்கும்போது அச்சமின்றி உடலைச் சாய்க்கும் உணர்வோ, இளமையில் விளையாட்டாகப் பழகியவர்க்கே முழுதும் வாய்க்கிறது. அண்மைக்காலத்தில் இரு துறையிலும் புகழ்பெற்ற எவன்ஸ், சாகன் போன்றோர் மலையிலிருந்து சாலைக்கு வந்தவர்களே. பர்ட்டாடோவைப் போலச் சாலையிலிருந்து மலைக்குச் சென்று முதலிடம் பெற்றோர், அத்துறை இளமையாக இருந்த காலத்தவர். ஆதலின் பிள்ளைகளுக்கு முதலில் மண்பாதை, பின்னர் தார்ச்சாலை என்பதே வரலாறு காட்டும் வரிசை.

நம் நாட்டிலும் இவ்விரு துறைகளுக்கும் களம் உண்டு. 1951-இல் புது தில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டு விழாவிலேயே சைக்கிள் பந்தயம் இடம்பெற்றது. மும்பையிலிருந்து புனேவுக்குப் போர் காட் கணவாய் வழியாக நடக்கும் பந்தயத்தை மராட்டிய நாட்டில் வாழும் நேயர்கள் கேட்டிருப்பர். கணவாயில் முதலில் ஏறியவருக்குக் கணவாயின் அரசன் என்றே பட்டம். 2008 முதல் கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்களைத் தொட்டுச் செல்லும் நீலகிரிச் சுற்று நடந்து வந்திருக்கிறது. மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டி மலைச்சாலை அதில் வருவோரின் காலைச் சோதிக்கும். மலைப்பாதைத் துறையில், 2005-ஆம் ஆண்டில் இமாசலப் பிரதேசத்தில் இமயமலைப் பந்தயம் தொடங்கியது. 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் ஆசிய மலைப்பாதைப் போட்டி திருவனந்தபுரத்தை அடுத்த பொன்முடியில் நடந்தது.

தமிழகத்துக்கு வெளியே தொழில் காரணமாகக் குடியேறி வாழும் நேயர்களுள் பலர் தில்லியிலோ புனேயிலோ டேராடூனிலோ மலைகளுக்கு அருகே இருக்கின்றனர். அவர்தம் பிள்ளைகள் சைக்கிள் கேட்கும் நாளில், விலையுயர்ந்த மெல்லிய சாலைச் சைக்கிளை வாங்கித் தந்து நெரிசல்மிக்க பெருஞ்சாலைக்கு அனுப்புவதைவிட, பருத்த டயர் பூட்டிய எளிய வண்டியும், தலைக்கவசமும், வாகனம் வராத ஒரு மண்பாதையும் முதலில் தருவது நலம். பிரேக் பிடிக்கவும், விழவும், விழுந்தபின் எழவும், கழன்ற செயினைத் தாமே மாட்டவும் அவர்கள் அங்கே கற்கட்டும். காலின் வலிமை வயதோடு வரும்; அப்போது எந்தச் சாலையும் அவர்களுக்கு ஏற்றதாகவே இருக்கும்.